வீட்டிலிருக்கும் டிஎஸ்எல்ஆரை வெப்கேமாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவும் விளக்கும் வாடகைக்குக் கொடுக்கும் கடை என்றால் படம் எடுப்பது பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைப்பீர்கள். இப்போது வருகிற சந்தேகங்களில் பாதி நேரலை பற்றியவை. பாட்டு டீச்சர், டியூஷன் ஆசிரியர், கல்யாண வீடியோகிராபர், வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சஷ்டியப்தபூர்த்தியைக் காட்ட நினைக்கும் பெரியவர் என ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், போகப் போகச் சிக்கல் கூடும்.

லேப்டாப்பிலேயே கேமரா இருக்கிறது. டிஎஸ்எல்ஆரை எதற்கு இழுக்க வேண்டும்?

எல்லோருக்கும் தேவையில்லை. அலுவலகக் கூட்டத்தில் தலையைக் காட்டிவிட்டு மைக்கை அணைத்துக்கொள்பவருக்கு லேப்டாப் கேமராவே தாராளம். பகல் வெளிச்சம் நன்றாக வரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுபவருக்கு நல்ல செல்போன் போதும்.

வித்தியாசம் தெரிவது இரண்டு இடங்களில். ஒன்று, வெளிச்சம் குறைந்த அறை. 1500டி போன்ற கேனான் கேமராவின் சென்சார் 22.3 மில்லிமீட்டர் அகலம்; லேப்டாப் மூடியின் விளிம்பில் ஒளிந்திருப்பது சில மில்லிமீட்டர்தான். ஒற்றை டியூப்லைட் எரியும் அறையில் ஒன்று முகத்தைக் காட்டும், மற்றொன்று புள்ளிகளைக் காட்டும். இரண்டாவது, லென்ஸ். வீணையின் மெட்டில் விரல் எங்கே அழுத்துகிறது என்பதையோ, மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மேடையில் தாலி கட்டுவதையோ லேப்டாப் கேமராவால் காட்ட முடியாது.

என்னிடம் கேனான் 1500டி இருக்கிறது. இதுவே போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

போதும். வாங்கும் எண்ணத்தை இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும்வரையாவது தள்ளிப்போடுங்கள். அந்தப் பணம் விளக்கிலும் மைக்கிலும் போனால் பலன் அதிகம்.

1500டியில் மூன்று குறைகள் உண்டு: வெளி மைக் செருக ஓட்டை கிடையாது, எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தில் கேமராவின் குறிகளும் சேர்ந்து வரும், லைவ் வியூவில், அதாவது பின்திரையில் படம் நேரடியாக ஓடும் முறையில், ஆட்டோஃபோகஸ் மெதுவானது. மூன்றுக்கும் மாற்று வழி இருக்கிறது, கீழே வருகிறது.

கேமராவைக் கணினியோடு இணைக்க எத்தனை வழிகள் இருக்கின்றன?

மூன்று. முதலாவது, கேமரா நிறுவனமே தரும் இலவச மென்பொருள். 2020 ஊரடங்கில் உலகமே வெப்கேமுக்கு அலைந்தபோது கேனான், ஃபியூஜிஃபிலிம், சோனி, நிக்கான், பேனசோனிக், ஒலிம்பஸ் என்று வரிசையாக இதை வெளியிட்டார்கள். ஒரு யூஎஸ்பி கேபிள் போதும், செலவில்லை. ஆனால் படம் முழு எச்டி கிடையாது. கேனான், சோனி மென்பொருள்கள் 1024×576 அளவில்தான் தொடங்கின. இந்த இலவச வழியில் கேமராவின் ஒலியும் கணினிக்கு வராது. உங்கள் மாடல் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கேமராவே வெப்கேமாக நடந்துகொள்வது. 2021இல் வந்த சோனி இசட்வி-இ10, ஏ7 4 போன்றவற்றின் மெனுவில் 'யூஎஸ்பி ஸ்ட்ரீமிங்' என்று ஒன்று இருக்கும். எந்த மென்பொருளும் நிறுவாமல் படமும் ஒலியும் ஒரே கேபிளில் போய்விடும். இசட்வி-இ10இல் இது 720 வரிகள். வகுப்பு எடுக்க அதுவே நிறைவானது.

மூன்றாவது, எச்டிஎம்ஐ கேபிளும், அதில் வரும் படத்தை யூஎஸ்பி வழியே கணினிக்குள் கொண்டுசேர்க்கும் கேப்சர் கார்டும். செலவு உண்டு, தரம் உண்டு, தொல்லையும் உண்டு. கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த மூன்றாவது வழியில் போனவர்கள் கேட்டவை.

யூஎஸ்பி கேபிள் போட்டாலும் கணினி கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏன்?

முதல் சந்தேகம் கேபிள் மேல். வீட்டு டிராயரில் கிடக்கும் கேபிள்களில் பல சார்ஜ் மட்டும் செய்யும். தகவல் கடத்தும் கம்பிகள் உள்ளே இருக்காது. 1500டிக்குத் தேவைப்படுவது பழைய மினி யூஎஸ்பி. செல்போனோடு வந்த மைக்ரோ கேபிளை அழுத்திப் பார்க்காதீர்கள்.

கேபிள் சரி என்றால், கேமராவின் வைஃபையை அணையுங்கள். கேனானில் வைஃபை இயங்கும்போது யூஎஸ்பி பேசாது. பிறகு, கேமராவோடு பேசக்கூடிய வேறு மென்பொருள் பின்னணியில் ஓடுகிறதா என்று பாருங்கள். படங்களை இறக்கும் ஈஓஎஸ் யூட்டிலிட்டி தானாகவே எழுந்து கேமராவைப் பிடித்துக்கொள்ளும். சோனியில் நிறுவன மென்பொருள் வழியில் போவதாக இருந்தால் யூஎஸ்பி இணைப்பை 'பிசி ரிமோட்' என்று மாற்ற வேண்டும்.

கேப்சர் கார்டு சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. அப்படி என்ன வித்தியாசம்?

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். முழு எச்டி படம் ஒன்றில் 1920×1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 16 பிட், விநாடிக்கு 30 படம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 99 கோடி பிட். யூஎஸ்பி 2.0 கடத்தக்கூடிய உச்சம் 48 கோடி பிட். விலை குறைந்த கார்டுகளில் பெரும்பாலும் எம்எஸ்2109 என்ற சிப் இருக்கும். அது யூஎஸ்பி 2.0 ரகம். ஆகவே ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் போல நசுக்கித்தான் அனுப்பும். நிறம் சற்று வெளிறும், கூந்தல், பட்டுச்சேலைக் கரை போன்ற நுணுக்கமான இடங்கள் கொஞ்சம் குழையும். எல்காட்டோ கேம் லிங்க் 4கே போன்ற யூஎஸ்பி 3.0 கார்டுகள் நசுக்காமல் அனுப்புகின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: யூடியூப் நேரலை எப்படியும் படத்தை இன்னொரு முறை நசுக்கத்தான் போகிறது. செல்போனில் பார்ப்பவருக்கு இரண்டு கார்டுக்கும் வித்தியாசம் தெரிவது அரிது. முதல் கார்டு மலிவானதாகவே இருக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: உள்ளே நீல நிற பிளாஸ்டிக் வைத்து 'யூஎஸ்பி 3.0' என்று அச்சடித்த மலிவுக் கார்டுகளில் பல, உள்ளே 2.0தான். அந்த நீலத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

படத்தோடு பேட்டரிச் சின்னமும் வெள்ளைக் கட்டமும் சேர்ந்து போகின்றன. எப்படி எடுப்பது?

கேமராவின் பின்திரையில் தெரிவதையே எச்டிஎம்ஐயும் அனுப்புவதால் வரும் தொல்லை இது. குறிகள் இல்லாத படத்தைத் தரும் வசதிக்குக் 'கிளீன் எச்டிஎம்ஐ' என்று பெயர். சோனியில் 'எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளே' என்பதை அணைத்தால் போதும். மற்ற நிறுவனங்களிலும் எச்டிஎம்ஐ அமைப்புகளுக்குள்தான் இது இருக்கும். கேனான் எம்50இல் இந்த வசதி உண்டு.

1500டி, 1300டி, 3000டி மூன்றிலும் இல்லை. டிஸ்ப் பொத்தானை அழுத்தி எழுத்துகளை நீக்கினாலும் ஃபோகஸ் கட்டம் அசைய மறுத்து உட்கார்ந்திருக்கும். கட்டத்தை ஓரத்துக்குத் தள்ளி, ஓபிஎஸ் என்ற இலவச நேரலை மென்பொருளில் அந்த ஓரத்தை வெட்டிவிடலாம் என்பார்கள். வெட்டினால் படத்தில் பெரும்பகுதி போய்விடும். இந்த மூன்று கேமராக்காரர்களும் கேப்சர் கார்டை மறந்துவிட்டு, மேலே சொன்ன முதல் வழியிலேயே போவது நல்லது. கேனானின் மென்பொருள் அனுப்பும் படத்தில் கட்டம் இருக்காது.

சரியாக அரைமணி நேரத்தில் படம் அணைந்துவிடுகிறது. கேமரா பழுதா?

பழுதில்லை. இங்கே இரண்டு தனித்தனிச் சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, 29 நிமிடம் 59 விநாடியில் பதிவு நின்றுபோவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிப்படி, 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவி வீடியோ கேமராவாகக் கணக்கிடப்பட்டு அதற்குக் கூடுதல் வரி விழுந்தது. வரியைத் தவிர்க்க நிறுவனங்கள் ஒரு விநாடி முன்னால் நிறுத்தின. உலகம் முழுவதும் அதே கேமராதான் விற்றது என்பதால் நமக்கும் அந்த வெட்டு வந்து சேர்ந்தது. ஆனால் இது கார்டில் பதிவு செய்வதற்கு மட்டுமே. நேரலைக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தவே வேண்டியதில்லை. லைவ் வியூ திறந்திருந்தாலே எச்டிஎம்ஐயில் படம் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது, பேட்டரியைக் காக்கக் கேமரா தானாகத் தூங்கப்போவது. கேனானில் 'ஆட்டோ பவர் ஆஃப்', நிக்கானில் 'ஆட்டோ ஆஃப் டைமர்', சோனியில் 'பவர் சேவ்' என்று மெனுவில் தேடுங்கள். அணைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால் உச்ச நேரத்துக்கு வையுங்கள். 1500டி போன்ற கேனான்களில் ஆட்டோ பவர் ஆஃப்பை அணைத்தாலும் லைவ் வியூ 30 நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். அதைச் சமாளிக்க ஒரே வழி, ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் லைவ் வியூ பொத்தானை அணைத்துப் போடுவது. அந்த இரண்டு விநாடிக்கு ஓபிஎஸ்ஸில் ஒரு தலைப்பு அட்டையைக் காட்டிவிடுங்கள். பார்ப்பவர் அதை ஏற்பாட்டின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொள்வார்.

டம்மி பேட்டரி போட்டால் கேமரா கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

டம்மி பேட்டரி என்பது பேட்டரி வடிவத்தில் ஒரு வெற்றுக் கட்டை. அதிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து மின்சாரப் பிளக்கில் சேரும். கேமரா நிறுவனங்களே இதை விற்கின்றன. 1500டியின் எல்பி-இ10 பேட்டரிக்கு டிஆர்-இ10 என்ற இணைப்புக் கட்டை உண்டு. வேறு நிறுவனத் தயாரிப்பு வாங்கினால் உங்கள் பேட்டரியின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: 1500டிக்கு எல்பி-இ10, 200டிக்கு எல்பி-இ17, இசட்வி-இ10க்கு என்பி-எஃப்டபிள்யூ50. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும் பேட்டரியில் இருப்பதும் பொருந்த வேண்டும். எல்பி-இ10 போன்றவை 7.4 வோல்ட் ரகம். 12 வோல்ட் அடாப்டரைச் செருகுபவருக்குத்தான் அந்தப் பயம் பொருந்தும்.

நிஜமான ஆபத்து வேறு. உள்ளே பேட்டரி இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். மின்வெட்டு வந்தால் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும், கேமரா அந்த நொடியே செத்துவிடும். வயரைக் கால் தடுக்கினாலும் இதே கதிதான். டம்மி அடாப்டரையும் இணைய ரவுட்டரையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். வயரை முக்காலியின் காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

மே மாத முகூர்த்தத்தில் கேமரா சூடாகி நின்றுவிட்டது. ஐஸ் வைக்கலாமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். குளிர்ந்த உடம்பில் ஈரம் படியும். சூட்டை விட அது கெடுதல்.

4கே அமைப்பில் இருந்தால் முழு எச்டிக்கு இறக்குங்கள். நேரலையில் 4கே போகப்போவதில்லை, சூடுதான் மிச்சம். கூடவே கார்டில் பதிவு செய்வதையும் நிறுத்துங்கள். பதிவை லேப்டாப் செய்யட்டும். மடக்குத் திரை இருந்தால் உடம்பிலிருந்து விரித்துவையுங்கள், பின்பக்கம் காற்று படும். டம்மி பேட்டரி இங்கேயும் உதவும்: மின்சாரம் தரும்போது பேட்டரியும் சூடாகும், அந்தப் பங்கு குறைந்துவிடும். சோனியில் 'ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்' என்பதை 'ஹை' என்று வைத்தால் எளிதில் நிற்காது. பிறகு மண்டபத்து மேசை விசிறி ஒன்றைக் கேமரா பக்கம் திருப்பிவிடுங்கள். மைக் அதன் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது. லென்ஸ் கோளாறா?

லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்கின் ஒளி விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, சென்சார் வரிவரியாகப் படிப்பதால் அதற்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுமையான ஏற்ற இறக்கம் கிடைத்து, கோடுகள் மறையும். 1/60இல் வைத்தால் மெல்லிய கருநிழல் ஒன்று மேலிருந்து கீழாக நகர்ந்துகொண்டே இருக்கும். பலரும் பார்ப்பது அதைத்தான்.

ஆகவே மெனுவில் என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) என்றிருந்தால் 50 ஹெர்ட்ஸுக்கான 'பால்' (PAL) முறைக்கு மாற்றி 25 அல்லது 50 படங்கள் என்று வையுங்கள். சில கேமராக்கள் இந்த மாற்றத்துக்கு மெமரி கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். பழைய படங்களை முதலில் நகலெடுங்கள். ஓபிஎஸ்ஸிலும் 30ஐ விட்டுவிட்டு '25 பால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் கையசைவு தட்டித் தட்டிப் போகும். இலங்கைக்கும் இதே கணக்கு. டொராண்டோவிலிருந்து கேட்டவருக்கு நேர்மாறு: அங்கே 60 ஹெர்ட்ஸ், அவர் 1/60இல் வைக்க வேண்டும்.

மேடையின் எல்இடி திரை மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது, அது தன் சொந்த வேகத்தில் மினுக்கும். ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றி, குறைவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

வீணை வாசிக்கும் கையைக் காட்டினால் ஃபோகஸ் அலைபாய்கிறது. எந்த லென்ஸ் வாங்கினால் சரியாகும்?

லென்ஸ் வாங்கவே வேண்டாம், ஆட்டோஃபோகஸை அணையுங்கள். கேனானில் 70டி தொடங்கி 2013க்குப் பிறகு வந்த பல மாடல்களில் டூயல் பிக்சல் என்ற நுட்பம் உண்டு. 200டியில் இருக்கிறது, 1500டியில் இல்லை. இல்லாத கேமராக்கள் லைவ் வியூவில் முன்னும் பின்னும் தடவித்தான் ஃபோகஸைக் கண்டுபிடிக்கும். அந்தத் தடவல்தான் நேரலையில் தெரிகிறது. டூயல் பிக்சல் இருந்தாலும் வீணை கடினம்தான்: பித்தளை மெட்டுகள் வரிசையாகப் பளபளக்கும்போது எதைப் பிடிப்பது என்று கேமராவுக்குத் தெரியாது, விரல் நகர்ந்ததும் அதுவும் நகரும்.

லென்ஸின் பக்கவாட்டுப் பொத்தானை எம்எஃப் (கையால் ஃபோகஸ் செய்யும் முறை) என்று தள்ளுங்கள். திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, இடது கை அதிகம் புழங்கும் மெட்டின் மேல் ஃபோகஸ் வையுங்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, 5.6 அல்லது 8 ஆக்குங்கள்; எண் கூடினால் துளை சிறுக்கும், தெளிவான ஆழம் கூடும். வளையம் தெரியாமல் திரும்பிவிடாதபடி சிறு காகித டேப் ஒட்டிவிடுங்கள். ஆசிரியர் உட்காரும் பாயின் ஓரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் அடுத்த வகுப்பில் மறுபடி அளக்க வேண்டாம்.

பின்புலம் மங்க வேண்டும் என்று 50 எம்எம் 1.8 லென்ஸ் வாங்கினேன். முகம் மட்டும்தான் தெரிகிறது, அதிலும் காது மங்கலாக இருக்கிறது.

கேனானின் சிறிய சென்சாரில் 50 எம்எம் லென்ஸ் 80 எம்எம் போல நடந்துகொள்ளும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அகலத்தில் 45 சென்டிமீட்டர்தான் அடங்கும். கேமராவோடு வந்த 18-55 லென்ஸை 18இல் வைத்தால் அதே தூரத்தில் 124 சென்டிமீட்டர் அடங்கும். நான்கடி வீணை ஏறக்குறைய முழுதாக வந்துவிடும். மேசை முன் உட்கார்ந்து பேசுபவருக்கு 24 முதல் 35 வரை வசதி.

காது மங்குவதற்குக் காரணம் அந்த 1.8 அப்பர்ச்சர். ஒரு மீட்டரில் தெளிவாக இருக்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. 5.6க்கு மாற்றினால் எட்டு சென்டிமீட்டர் கிடைக்கும், முகத்தில் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும். பின்புலம் மங்க வேண்டுமென்றால் சுவரிலிருந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுங்கள். செலவில்லாத வழி அது.

உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகிறது. இணையம் மெதுவாக இருப்பதாலா?

இணையம் படத்தையும் ஒலியையும் சேர்த்தே தாமதப்படுத்தும், பிரிக்காது. மைக்கை லேப்டாப்பில் நேராகச் செருகியிருப்பீர்கள். ஒலி உடனே வந்துவிடுகிறது. படம் கேமராவிலும் கேப்சர் கார்டிலும் நின்று நிதானமாக வருகிறது. ஒலியை அதே அளவு காக்க வைத்தால் தீர்ந்தது.

ஓபிஎஸ்ஸில் பதிவை ஓடவிட்டு, கேமரா முன் ஒரு முறை கை தட்டுங்கள். அந்தப் பதிவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்து, சத்தம் கேட்ட எத்தனை படம் கழித்து உள்ளங்கைகள் சேர்கின்றன என்று எண்ணுங்கள். விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு படம் 40 மில்லிவிநாடி. மூன்று படம் பிந்தினால் 120. ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட ஒலி அமைப்புகளில் அந்த மைக்குக்கு நேரே 'சிங்க் ஆஃப்செட்' என்ற கட்டத்தில் 120 என்று எழுதுங்கள். கார்டையோ கேமரா அமைப்பையோ மாற்றினால் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மைக்கைக் கேமராவிலேயே செருகிவிட்டால் இந்தத் தலைவலி இல்லையே?

எச்டிஎம்ஐ வழியிலும் யூஎஸ்பி ஸ்ட்ரீமிங் வழியிலும் அது சரி. ஒலியும் படமும் ஒன்றாகவே வரும். 200டி, இசட்வி-இ10 இரண்டிலும் மைக் துளை உண்டு. நிறுவன மென்பொருள் வழியில் ஒலியே வராது என்று முன்பே சொன்னேன்; அங்கே மைக் கணினிக்குத்தான் போக வேண்டும்.

கேமராவில் செருகினால் ஒலிப்பதிவு அளவைத் தானியங்கியில் விடாதீர்கள். பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கேமரா ஒலியை ஏற்றி, மின்விசிறியின் இரைச்சலை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். சங்கீத வகுப்பை ஜூமில் நடத்துபவர்கள் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பையும் போட வேண்டும். இல்லையென்றால் தம்புரா சுருதியை இரைச்சல் என்று நினைத்து ஜூம் அழித்துவிடும்.

ஓபிஎஸ் திறந்தால் ஜூமில் கருப்பாகிவிடுகிறது. ஜூம் திறந்தால் ஓபிஎஸ்ஸில் வரவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பெரும்பாலும் கேமராவைப் பிடிக்க முடியும். கேமராவை ஓபிஎஸ்ஸிடம் மட்டும் கொடுங்கள். பிறகு ஓபிஎஸ்ஸில் 'வர்ச்சுவல் கேமரா' பொத்தானை அழுத்தி, ஜூமில் கேமராப் பட்டியலில் 'ஓபிஎஸ் வர்ச்சுவல் கேமரா' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2020இல் வந்த 26ஆம் பதிப்பிலிருந்து இது உள்ளேயே இருக்கிறது.

எழுத்து திருப்பிப் போட்டதுபோல் தெரிகிறது என்று பயந்து படத்தைப் புரட்டாதீர்கள். உங்களுக்கு மட்டும்தான் கண்ணாடிப் பிம்பம். எதிரே இருப்பவருக்குக் கரும்பலகை நேராகத்தான் தெரியும்.

மண்டபத்தில் வைஃபை கிடையாது. செல்போன் சிம் போதுமா?

முழு எச்டிக்கு ஆசைப்படாதீர்கள். 720 வரிகளில் 4 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால், மூன்று மணி நேரத்துக்கு 5.4 ஜிபி ஆகும். தினம் 2 ஜிபி தரும் திட்டம் ஊஞ்சல் சடங்கு முடிவதற்குள் தீர்ந்து, தாலி கட்டும்போது திரை சுழன்றுகொண்டிருக்கும். கூடுதல் டேட்டாவை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சோதிக்கும்போது பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். அனுப்பப்போவதைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அதுவும் காலி மண்டபத்தில் சோதித்தது கணக்கில் சேராது. ஐந்நூறு பேர் செல்போனோடு வந்து உட்கார்ந்ததும் அதே கோபுரத்தைத்தான் எல்லோரும் பங்குபோட வேண்டும். யூடியூப்புக்கு முதல் முறை நேரலை செய்பவர் சேனலைச் சரிபார்த்து முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட வேண்டும், அது கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகும். முகூர்த்தத்தன்று காலை பொத்தானை அழுத்திப் பார்த்துத் திகைப்பவர்கள் இன்னமும் வருகிறார்கள்.

லேப்டாப்பே இல்லாமல், கேமராவை ஆண்ட்ராய்டு போனில் செருகி அனுப்ப முடியுமா?

பல போன்களில் முடியும். கேப்சர் கார்டை ஓடிஜி இணைப்பான் வழியாகச் செருகி, யூஎஸ்பி கேமராவை ஏற்கும் செயலி ஒன்றைப் போட வேண்டும். யூஎஸ்பி-சி உள்ள ஐபேடில் ஐபேட்ஓஎஸ் 17 முதல் இது உண்டு. போன் ஒரே துளையில் சார்ஜும் ஏற வேண்டும், கார்டும் ஓட வேண்டும் என்பதால் நீண்ட நிகழ்ச்சிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. போன் செயலியிலிருந்து யூடியூப் நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது.

மூன்று கேமரா வைத்து மாற்றி மாற்றிக் காட்ட மூன்று கேப்சர் கார்டு வாங்கினால் போதுமா?

ஒரே லேப்டாப்பில் மூன்று மலிவுக் கார்டுகளைச் செருகினால், மேலே போட்ட கணக்குப்படி யூஎஸ்பி திணறும். பிளாக்மேஜிக் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த ஏடெம் மினி போன்ற சுவிட்சரை வாடகைக்கு எடுப்பது மேல். நான்கு எச்டிஎம்ஐ நுழைவாய்கள். பொத்தானை அழுத்தினால் கேமரா மாறும். கணினிக்கு அது ஒரே வெப்கேமாகத் தெரியும். மூன்று கேமராவிலும் ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) தானியங்கியிலிருந்து எடுத்து ஒரே கெல்வின் எண்ணில் வையுங்கள். இல்லாவிட்டால் மணப்பெண்ணின் கூறைச்சேலை ஒரு கேமராவில் அரக்காகவும் அடுத்ததில் ஆரஞ்சாகவும் இருக்கும்.

கேபிள் நீளம் கூடக்கூடக் கவனம் வேண்டும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை ஐந்து மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நிம்மதி. சோனி, கேனான் மிரர்லெஸ் பலவற்றில் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. அதன் அகலம் ஆறு மில்லிமீட்டர்கூட இல்லை. கனமான கேபிள் அதில் தொங்கினால் துளையின் உள்ளே இருக்கும் மெல்லிய நாக்கு நெளிந்து, படம் விட்டுவிட்டு வரும். கேபிளில் சற்றுத் தொய்வு விட்டு முக்காலியின் தலையில் கட்டுங்கள். எங்கள் கடைக்குத் திரும்பி வரும் கேமராக்களில் நாங்கள் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அந்தத் துளையைத்தான்.

மணிக்கணக்கில் ஓட்டினால் ஷட்டர் கவுண்ட் ஏறி, விற்கும்போது விலை குறையாதா?

ஷட்டர் ஒரு படத்துக்கு ஒரு முறை அடிப்பது புகைப்படத்தில். லைவ் வியூவைத் திறக்கும்போது கண்ணாடி ஒரு முறை மேலே போகும், ஷட்டர் ஒரு முறை திறக்கும். பிறகு மூன்று மணி நேரம் ஓடினாலும் அது அப்படியே நிற்கும். ஒரு நேரலையை விட ஒரு பிறந்தநாள் விழாவில் எடுக்கும் படங்கள் ஷட்டரை அதிகம் தேய்க்கும். சென்சார் சூடானால் இருட்டுப் பகுதிகளில் புள்ளிகள் கூடும், ஆறினால் சரியாகிவிடும்.

சென்சாருக்கு நிஜமான எதிரி வரவேற்பு மேடையின் லேசர் விளக்கு. அந்தக் கதிர் நேராக லென்ஸில் விழுந்தால் சென்சாரில் நிரந்தரமாகக் கோடோ புள்ளியோ விழுந்துவிடும், பழுதுபார்க்கும் செலவு கேமராவின் விலையை எட்டும். டிஜே லேசர் இருக்கிறது என்றால் கதிர் பார்வையாளர் பக்கம் திரும்பாதபடி வைக்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த நேரத்துக்கு லென்ஸை மூடிவிட்டுத் தலைப்பு அட்டையைக் காட்டுங்கள்.

வரவேற்பில் சினிமாப் பாட்டு ஒலித்தால் யூடியூப் நேரலையை நிறுத்திவிடுமா?

நிறுத்தலாம். நேரலையில் பிறருக்கு உரிமையுள்ள பாடல் ஒலிக்கிறதா என்று யூடியூப் தானாகவே பார்த்துக்கொண்டிருக்கும். கண்டுபிடித்தால் முதலில் எச்சரிக்கும், தொடர்ந்தால் படத்துக்குப் பதில் ஓர் அட்டையைக் காட்டும் அல்லது நேரலையைத் துண்டிக்கும். இணைப்பு அறிந்தவர் மட்டும் பார்க்கும் 'அன்லிஸ்டட்' அமைப்பில் இருந்தாலும் இந்தச் சோதனை உண்டு. நாதஸ்வரக்காரர் மேடையில் வாசிக்கும் தியாகராஜர் கீர்த்தனையில் பெரும்பாலும் சிக்கல் வராது. ஒலிபெருக்கியில் போடும் பதிவுப் பாட்டில்தான் வரும்.

அதனால் மண்டபத்து ஒலிபெருக்கியிலிருந்து நேராக லைன் வாங்காதீர்கள். ஐயரின் அருகில் ஒரு மைக், நாதஸ்வரத்தின் அருகில் ஒரு மைக் என்று தனியாக வைத்து, பாட்டு போடும் நேரத்தில் ஓபிஎஸ்ஸில் இரண்டையும் குறைத்துவிடுங்கள். குடும்பத்தினர் இருபது முப்பது பேர் மட்டும் பார்ப்பதாக இருந்தால் யூடியூப்பை விட்டுவிட்டு ஜூமிலேயே நடத்திவிடலாம். அங்கே இந்தச் சோதனை இல்லை.